எக்சைமர் சீரொளி அறுவை மருத்துவம்

எக்சைமர் சீரொளி அறுவை மருத்துவம் என்பது எக்சைமர் வகைச் சீரொளி (லேசர்) வெளியிடும் புற ஊதாக் கதிர்களைக் கத்தியாகக் கொண்டு, உடலின் திசுக்களை மிக மெல்லிய அடுக்குகளாக அகற்றும் மருத்துவ முறை ஆகும். திசுவைச் சுட்டுப் பொசுக்காமல், அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை நேரடியாக உடைத்து அகற்றுவது இதன் சிறப்பு. மூக்குக் கண்ணாடியின் தேவையைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் லேசிக் முதலிய பார்வைத் திருத்தச் சிகிச்சைகள் இம்முறையை அடிப்படையாகக் கொண்டவை.

இம்முறைக்கான அடிப்படைக் காப்புரிமை, ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ரங்கசாமி சீனிவாசன், சாமுவேல் பிளம், ஜேம்சு வைன் ஆகிய மூவரின் பெயரில் ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் 15, 1988 அன்று 4,784,135 என்ற எண்ணுடன் வழங்கப்பட்டது. இவர்களுள் சீனிவாசன் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அறுவை மருத்துவம் செய்யும் முறை ஒன்று தனியொருவருக்கோ நிறுவனத்துக்கோ உடைமையாகலாமா என்ற கேள்வி இக்காப்புரிமையையும் இதனைத் தொடர்ந்து வந்த பிற காப்புரிமைகளையும் விடாமல் பின்தொடர்ந்தது. அக்கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு விடையும் இந்தியச் சட்டம் வேறொரு விடையும் அளித்துள்ளன.

எக்சைமர் சீரொளி

எக்சைமர் என்னும் சொல் "கிளர்வுற்ற இரட்டை மூலக்கூறு" என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஆர்கான், கிரிப்டான், செனான் போன்ற மந்த வளிமங்கள் இயல்பான நிலையில் புளோரின், குளோரின் போன்ற தனிமங்களுடன் சேர்ந்து நிற்பதில்லை. ஆனால் உயர் மின்னழுத்தத்தில் மின்னிறக்கம் நிகழும்போது இவை கிளர்வுற்று, சில நானோநொடிகளுக்கு மட்டும் ஒன்றாக இணைகின்றன. பின்னர் இணை பிரியும்போது, பெற்ற ஆற்றலைப் புற ஊதா ஒளியாக வெளிவிடுகின்றன. பிரிந்த அணுக்கள் மீண்டும் அடுத்த மின்னிறக்கத்துக்கு ஆயத்தமாகிவிடுவதால், கருவி துடிப்புத் துடிப்பாக ஒளியை உமிழ்கிறது. ஒவ்வொரு துடிப்பும் பொதுவாக 10 முதல் 20 நானோநொடி வரை நீடிக்கும்.

இவ்வகைச் சீரொளி 1970 ஆம் ஆண்டில் மாசுக்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்தில் நிக்கோலாய் பாசோவ் குழுவினரால் செனானைக் கொண்டு முதன்முதலில் செய்து காட்டப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் மந்த வளிமமும் உப்பீனியும் கலந்த கலவைகள் கையாளப்பட்டன. கலவையைப் பொறுத்து ஒளியின் அலைநீளம் மாறும். ஆர்கான் புளோரைடு 193 நானோமீட்டரிலும், கிரிப்டான் புளோரைடு 248 நானோமீட்டரிலும், செனான் குளோரைடு 308 நானோமீட்டரிலும் ஒளி தருகின்றன. கண் சிகிச்சைக்குரியது ஆர்கான் புளோரைடு ஆகும்.

சுடாமல் வெட்டும் விதம்

மருத்துவத்தில் சீரொளி 1960களிலேயே நுழைந்துவிட்டது. ஆயினும் அக்காலத்துச் சீரொளிகள் பெரும்பாலும் வெப்பத்தால் வேலை செய்தன. எடுத்துக்காட்டாக, இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் 1964 இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு சீரொளி, திசுவில் உள்ள நீரைக் கொதிக்கச் செய்து வெட்டுகிறது. இதனால் குருதிக் கசிவு குறையும் என்பது ஒரு நன்மை. ஆனால் வெட்டின் ஓரங்கள் கருகும். ஒளி ஊடுருவும் தன்மையைக் காக்க வேண்டிய கண்ணின் முன்படலத்தில் இத்தகைய கருகல் ஏற்பட்டால் பார்வையே கெட்டுவிடும்.

193 நானோமீட்டர் ஒளி வேறு விதமாகச் செயற்படுகிறது. இதன் ஒவ்வோர் ஒளித்துகளும் ஏறத்தாழ 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. கரிமச் சேர்மங்களில் இரு கார்பன் அணுக்களை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். எனவே ஒரே ஒளித்துகள் ஒரு பிணைப்பை நேரடியாக உடைக்க வல்லது. புரதங்கள் இவ்வொளியை மிக வலுவாக உட்கவர்வதால், ஒளி மேற்பரப்பிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்தைத் தாண்டுவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அந்த மெல்லிய அடுக்கில் நீண்ட மூலக்கூறுகள் சிறு துண்டுகளாகச் சிதைகின்றன. துண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அதிக இடம் தேவைப்படுவதால் அவை விரைந்து வெளியே பறக்கின்றன. மிஞ்சிய ஆற்றலையும் தம்முடனேயே கொண்டு செல்கின்றன. கீழே உள்ள திசு சூடாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. இந்நிகழ்வுக்குச் சீனிவாசன் இட்ட பெயரைத் தமிழில் "ஒளிவழிச் சிதைத்து நீக்கல்" எனலாம்.

விழிவெண்படலத்தில் ஒரு துடிப்பு ஏறத்தாழ கால் மைக்ரோமீட்டர் ஆழத்தை மட்டுமே அகற்றும். தலைமுடி ஒன்றின் தடிமனைக் கடக்க இத்தகைய துடிப்புகள் சில நூறு தேவைப்படும். ஒரு தலைமுடியில் ஓரங்கள் சிதையாமல் சதுரப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டும் ஐ.பி.எம் ஆய்வகத்தின் நுண்ணோக்கிப் படம், இம்முறையை உலகெங்கும் அறியச் செய்தது.

கண்டுபிடிப்பு

ரங்கசாமி சீனிவாசன் பெப்ரவரி 28, 1929 இல் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949 இல் இளங்கலை அறிவியல் பட்டமும் 1950 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் ஐக்கிய அமெரிக்கா சென்று, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1956 இல் இயல்பிய வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1961 இல் நியூ யார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஐட்சு என்னும் ஊரில் உள்ள ஐ.பி.எம்மின் தாமசு வாட்சன் ஆய்வு மையத்தில் சேர்ந்து, 1990 வரை அங்குப் பணியாற்றினார். ஒளியால் நிகழும் வேதி வினைகளே இவரது துறை. மருத்துவத்துக்கும் இவருக்கும் அதுவரை தொடர்பு ஏதும் இருந்ததில்லை.

கணினி நிறுவனம் ஒன்றுக்கு இத்தகைய ஒளியில் அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. மின்சுற்றுகள் செய்வதில் நெகிழிப் படலங்களில் நுண்ணிய வடிவங்களைப் பொறிக்க வேண்டியிருந்தது. வழக்கமான முறையில் ஒளி பட்ட பின்பு வேதிக் கரைசலில் கழுவ வேண்டும். சீனிவாசனும் உடன் பணியாற்றிய வெரோனிகா மெய்ன்-பான்டனும் 193 நானோமீட்டர் துடிப்புகளைப் பாலியெசுட்டர் படலத்தின் மீது செலுத்தியபோது, கரைசல் எதுவும் இன்றியே ஒளி பட்ட இடம் பள்ளமாயிற்று. பள்ளத்தின் சுவர்கள் செங்குத்தாக இருந்தன. உருகிய தடயம் இல்லை. இம்முடிவுகள் 1982 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியாயின.

நெகிழியும் புரதமும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளே. நெகிழியில் நடப்பது உயிர்த் திசுவிலும் நடக்குமா என்னும் கேள்வி சீனிவாசன், பிளம், வைன் ஆகிய மூவரிடையே எழுந்தது. சீரொளி இயற்பியலாளரான வைன், ஆய்வகத்துக்கு எக்சைமர் சீரொளியைக் கொண்டுவந்த குழுவின் பொறுப்பாளர். பிளம் பொருளறிவியலாளர். 1981 ஆம் ஆண்டில் அமெரிக்கர்களின் நன்றி தெரிவித்தல் நாள் நவம்பர் 26 அன்று வந்தது. அன்றைய விருந்தில் மீந்த வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் சீனிவாசன் மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்து வந்து, ஆர்கான் புளோரைடு சீரொளியின் முன் வைத்தார். குருத்தெலும்பில் சுத்தமான வெட்டு விழுந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 532 நானோமீட்டர் பச்சைச் சீரொளியாலும் வெட்டினர். அவ்விடம் கருகி, ஓரங்கள் சிதைந்து காணப்பட்டது. அறிவியல் வரலாற்றில் விருந்து மிச்சம் இவ்வளவு பயன்பட்ட நிகழ்வு வேறு இருப்பது அரிது.

காப்புரிமை விண்ணப்பம்

மூவரும் டிசம்பர் 9, 1982 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். இதன் தலைப்பு "சேய்மைப் புற ஊதா அறுவை மற்றும் பல் மருத்துவச் செய்முறைகள்" என்று பொருள்படும். தலைப்பு கருவியைக் குறிக்காமல் செய்முறையைக் குறிப்பது கவனிக்கத்தக்கது. எக்சைமர் சீரொளியை இம்மூவரும் கண்டுபிடிக்கவில்லை. அதனை எவரும் சந்தையில் விலைக்கு வாங்கலாம் என்ற நிலை அப்போதே இருந்தது. இவர்கள் கண்டது, 200 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள துடிப்புகளைப் போதிய செறிவில் செலுத்தினால் உயிர்த் திசு வெப்பமின்றி அகலும் என்பது. இருக்கும் கருவிக்குப் புதிய பயனைக் காண்பதும் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பே என்பது அமெரிக்க நடைமுறை. விண்ணப்பம் ஆறு ஆண்டுகள் கழித்தே ஏற்கப்பட்டது.

காப்புரிமையின் உடைமை ஐ.பி.எம்மைச் சேர்ந்தது. ஊழியர்கள் பணியின்போது கண்டுபிடிப்பவை நிறுவனத்துக்கே உரியவை என்னும் வழக்கப்படி, மூவரும் கண்டுபிடிப்பாளர்களாக மட்டுமே பெயர் பெற்றனர். ஐ.பி.எம் மருத்துவக் கருவித் தொழிலில் இறங்கவில்லை. 1997 இல் இக்காப்புரிமையை லேசர்சைட் என்ற நிறுவனத்துக்கு ஏறத்தாழ 15 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றுவிட்டது. அக்காலத்துக் காப்புரிமைகளுக்கு உரிய 17 ஆண்டுக் காலம் 2005 நவம்பரில் நிறைவடைந்தது.

கண் மருத்துவத்தில்

மூவரும் தொடக்கத்தில் எண்ணியது கண்ணை மட்டும் அன்று. பல், எலும்பு, தோல், அடைபட்ட குருதிக் குழாய் எனப் பலவும் பட்டியலில் இருந்தன. கண்ணில் இது நிலைபெற்றதற்குக் காரணம், கண் மருத்துவர்களிடம் ஏற்கனவே ஒரு தீராத சிக்கல் இருந்ததுதான்.

கண்ணின் ஒளிவிலகு திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, கண்மணிக்கு முன்னால் கண்ணாடிபோல் படர்ந்திருக்கும் விழிவெண்படலமே தருகிறது. கண்தானத்தின்போது எடுக்கப்படுவதும் இப்படலமே. இதன் வளைவைச் சிறிது மாற்றினால் கிட்டப்பார்வையைச் சரிசெய்யலாம் என்பது முன்னரே அறிந்த ஒன்று. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒசே பரக்கேர் இதற்கான முறைகளை உருவாக்கினார். படலத்தின் ஒரு வட்டை வெட்டியெடுத்து, உறையவைத்து, கடைசல் பொறியில் கடைந்து, மீண்டும் கண்ணில் பொருத்துவது அவரது வழி. மாசுக்கோவில் சிவியாத்தசுலாவ் பியோதரொவ் 1970களில் வைரக் கத்தியால் படலத்தில் ஆரங்கள் போலக் கீறும் முறையைப் பரப்பினார். இரண்டிலும் விளைவு அறுவையாளரின் கைத்திறனையே பெரிதும் சார்ந்திருந்தது.

நியூ யார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் சிடீபன் டிரோக்கல் 1983 இல் ஐ.பி.எம் ஆய்வகத்துக்கு வந்து, சீனிவாசனுடனும் அவரது உதவியாளர் போடில் பிராரனுடனும் சேர்ந்து மாட்டுக் கண்களில் சோதனை செய்தார். மூவரும் எழுதிய கட்டுரை 1983 டிசம்பரில் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளியானது. 1985 இல் பெர்லினில் தியோ சைலர் இச்சீரொளியை மனிதக் கண்ணில் பயன்படுத்தினார். 1988 இல் நியூ ஓர்லியன்சில் மார்கரெட் மெக்டொனால்டு, பார்வையுள்ள கண்ணில் முதல் சிகிச்சையைச் செய்தார். புற்றுநோய் காரணமாக அக்கண் அகற்றப்பட இருந்தது. நோயாளி தம் விருப்பத்தோடு முன்வந்து, அகற்றுவதற்கு முன் அக்கண்ணைச் சோதனைக்கு அளித்தார்.

மேற்பரப்பிலேயே ஒளியைச் செலுத்தும் இம்முறை பி.ஆர்.கே எனப்படுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதற்கான கருவியை 1995 அக்டோபரில் முதன்முதலாக ஏற்றது. படலத்தில் மெல்லிய மூடி ஒன்றைச் சீவித் தூக்கி, அதன் அடியில் ஒளியைச் செலுத்தி, மூடியைத் திரும்ப இடுவது லேசிக். இதற்குக் கோலம் பேமன் 1989 இல் காப்புரிமை பெற்றார். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இயோனிசு பல்லிகாரிசு இதே காலத்தில் இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். லேசிக்கில் வலி குறைவு, பார்வை விரைவில் திரும்பும். படலம் மெல்லியதாக உள்ளவர்களுக்குப் பி.ஆர்.கே இன்றும் ஏற்றதாகக் கருதப்படுகிறது.

எவ்வளவு அகற்ற வேண்டும் என்பதற்குச் சார்லசு மன்னர்லின் 1988 இல் வெளியிட்ட எளிய வாய்பாடு உள்ளது. சிகிச்சைப் பரப்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் இருமடியைத் திருத்த வேண்டிய டயாப்டரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால், நடுவில் அகற்ற வேண்டிய ஆழம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். விட்டம் 6 மில்லிமீட்டர், குறைபாடு 3 டயாப்டர் எனில் ஆழம் 36 மைக்ரோமீட்டர். துடிப்புக்குக் கால் மைக்ரோமீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 144 துடிப்புகள். நொடிக்குப் பத்துத் துடிப்பு தரும் கருவி இதனைக் கால் நிமிடத்தில் முடித்துவிடும். படலத்தின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், மிகுந்த குறைபாடு உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை பொருந்தாது. தேவையான அளவு படலத்தை மிச்சம் வைக்காவிட்டால், அது வலுவிழந்து முன்புறம் புடைத்துவிடும். கண் உலர்தல், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுதல் ஆகியனவும் அறியப்பட்ட பக்க விளைவுகள்.

காப்புரிமை வழக்குகள்

டிரோக்கல் தம் பெயரில் பெற்ற காப்புரிமை 1992 இல் 5,108,388 என்ற எண்ணுடன் வழங்கப்பட்டு, விசுஎக்சு நிறுவனத்திடம் இருந்தது. அதே ஆண்டில் விசுஎக்சும் அதன் போட்டி நிறுவனமான சம்மிட் டெக்னாலஜியும் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகத் திரட்டி, பில்லர் பாயின்ட் பார்ட்னர்சு என்ற கூட்டு நிறுவனத்தில் வைத்தன. அதன்படி ஒவ்வொரு சிகிச்சைக்கும் 250 டாலர் உரிமக் கட்டணம் விதிக்கப்பட்டது. கருவியை விலை கொடுத்து வாங்கிய மருத்துவர், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் மீண்டும் பணம் கட்ட வேண்டும். விசுஎக்சின் கருவி, அதற்குரிய அட்டை ஒன்றைச் செருகினால்தான் இயங்கியது.

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1998 மார்ச்சில் இக்கூட்டின் மீது நடவடிக்கை எடுத்தது. போட்டியிட வேண்டிய இரு நிறுவனங்கள் காப்புரிமையின் பெயரால் விலையை ஒன்றாக நிர்ணயிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. அவ்வாண்டிலேயே கூட்டு கலைக்கப்பட்டது. 2000 ஆவது ஆண்டின் தொடக்கத்தில் விசுஎக்சு கட்டணத்தை 100 டாலராகக் குறைத்தது. இதற்கிடையே சப்பானின் நீடெக் நிறுவனத்துடன் நடந்த வழக்கில், டிரோக்கல் பெற்ற காப்புரிமை செல்லுமா என்பதும், 1983 ஆய்வில் உடனிருந்த சீனிவாசனின் பெயர் அதில் இடம்பெற்றிருக்க வேண்டுமா என்பதும் வாதிடப்பட்டன. மாட்டுக் கண்ணில் சில மாதங்கள் சேர்ந்து செய்த சோதனை, பதினைந்து ஆண்டுகள் கழித்து யார் எதைக் கண்டார் என்ற விசாரணையாக மாறியது.

இதே காலத்தில், சீரொளி எதுவும் இல்லாத மற்றொரு கண் அறுவை வழக்கு அமெரிக்கச் சட்டத்தையே மாற்றியது. அரிசோனாவைச் சேர்ந்த கண் மருத்துவர் சாமுவேல் பாலின், கண்புரை அறுவையில் தையல் தேவைப்படாத வகையில் கீறும் முறைக்கு 1992 இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதே முறையைப் பயன்படுத்தியதாக வெர்மான்ட் மாநிலத்து மருத்துவர் ஜேக் சிங்கர் மீது 1993 இல் வழக்குத் தொடுத்தார். ஒரு மருத்துவர் கத்தியை எந்தக் கோணத்தில் வைக்கலாம் என்பதற்கு மற்றொரு மருத்துவரிடம் அனுமதி பெற வேண்டுமா எனக் கேட்டு மருத்துவர் சங்கங்கள் கொதித்தன. 1996 இல் சிங்கருக்குச் சாதகமாக வழக்கு முடிந்தது. அவ்வாண்டில் அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய திருத்தத்தின்படி, மருத்துவ முறைக்கான காப்புரிமையை மீறியதற்காக மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிடமும் இழப்பீடு கோர முடியாது. ஆனால் காப்புரிமை பெற்ற கருவியைப் பயன்படுத்துவதற்கு இவ்விலக்கு பொருந்தாது. வெறுங்கத்தியால் கீறுபவர் தப்பினார். சீரொளிக் கருவி வைத்திருப்பவருக்கு இது உதவவில்லை.

கண் மருத்துவத்தில் காப்புரிமையே பெறாமல் பரவிய கண்டுபிடிப்பும் உண்டு என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். இலண்டனில் அரோல்டு ரிட்லி 1949 நவம்பரில் கண்ணுக்குள் பொருத்திய செயற்கை வில்லைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அவ்வகை வில்லைகளை மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த அரோலாப் 1992 முதல் தயாரித்து, இறக்குமதி வில்லைகளின் விலையில் ஒரு சிறு பங்குக்கு வழங்கியது.

இந்தியச் சட்டம்

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 இன் 3 ஆவது பிரிவு, எவையெவை கண்டுபிடிப்பு ஆகா என்று வரிசைப்படுத்துகிறது. அதன் (i) உட்பிரிவின்படி, மனிதருக்கு அளிக்கும் மருத்துவ, அறுவை, நோய் தடுப்பு முதலிய சிகிச்சைச் செய்முறைகள் காப்புரிமைக்கு உரியவை அல்ல. 2002 ஆம் ஆண்டுத் திருத்தம் நோய் கண்டறியும் முறைகளையும் இதில் வெளிப்படையாகச் சேர்த்தது. ஆகவே அறுவைச் செய்முறை என்ற அளவில் ஐ.பி.எம்மின் உரிமைக் கோரிக்கை இந்தியாவில் நிற்க இயலாது. உலக வணிக அமைப்பின் டிரிப்சு உடன்படிக்கை, 27 ஆவது உறுப்பில் இத்தகைய விலக்குக்கு உறுப்பு நாடுகளுக்கு இடமளிக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையும் அறுவை முறைகளை விலக்கியே வைத்துள்ளது. இவ்விடயத்தில் அமெரிக்கா இவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கிறது.

அறுவைக் கருவிகளுக்கு இவ்விலக்கு இல்லை. கத்தி, சீரொளித் தலைப்பகுதி, கண்ணின் அசைவைப் பின்தொடரும் அமைப்பு போன்றவை புதுமையும் கண்டுபிடிப்புத் திறனும் தொழிற்பயனும் உடையனவாயின், விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குக் காப்புரிமை பெறலாம். கருவியை இயக்கும் கணினி நிரல் தனி நிரல் என்ற அளவில் மட்டும் (k) உட்பிரிவின்படி விலக்கப்படுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் விண்ணப்பங்களைக் கவனிப்பது சென்னைக் காப்புரிமை அலுவலகம். இது கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ளது. அதே சாலையில் தாம்பரம், வண்டலூர் கடந்து தெற்கே சென்றால் செங்கல்பட்டு மாவட்டத்தின் கூடுவாஞ்சேரியும், அதனை அடுத்த காட்டாங்குளத்தூரும் வருகின்றன. காட்டாங்குளத்தூரில் எசு.ஆர்.எம் நிறுவனத்தின் பொறியியல் துறைகளும் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. இத்தகைய இடத்தில் பயிலும் மாணவர் ஒருவர் அறுவைக் கருவி ஒன்றை உருவாக்கினால், அவர் முதலில் பிரித்தறிய வேண்டியது எது கருவி, எது செய்முறை என்பதே. இரண்டாவதாக, விண்ணப்பிக்கும் முன் அதனை வெளியிட்டுவிடக் கூடாது. வெளியான ஒன்று புதுமை இழந்ததாகவே கொள்ளப்படும். கற்றோர் அவையில் படித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்த பொருள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 31 ஆவது பிரிவு 12 மாதக் கால அவகாசம் தருகிறது. கல்லூரி ஆண்டு மலரிலோ இணையத்திலோ முந்திக்கொண்டு வெளியிட்டு வாய்ப்பை இழப்பது எளிது.

தொலைத்தொடர்பில்

கண்ணில் வெட்டும் இதே ஒளி, தகவல் வலையமைப்புகளின் உள்ளேயும் பணியாற்றுகிறது. இந்தியாவில் பிறந்த காந்தி ஜெயின், ஐ.பி.எம்மின் கலிபோர்னிய ஆய்வகத்தில் 1982 இல் எக்சைமர் சீரொளியால் சில்லுகளில் சுற்று வடிவங்களைப் பதிக்கும் முறையைச் செய்து காட்டினார். 248 நானோமீட்டரும் பின்னர் 193 நானோமீட்டரும் சில்லுத் தொழிலின் முதன்மை ஒளிகளாயின. கைபேசிகளிலும் வலையமைப்புக் கருவிகளிலும் உள்ள சில்லுகளில் பெரும்பாலானவை இவ்வொளியின் கீழ் உருவானவை. அங்கு ஒளி பொருளை அகழ்வதில்லை. பூசப்பட்ட படலத்தின் வேதித் தன்மையை மட்டும் மாற்றுகிறது.

ஒளியிழைத் தொலைத்தொடர்பில் இதன் பங்கு இன்னும் நேரடியானது. கனடாவின் ஒட்டாவாவில் தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தில் கென்னத் ஹில், ஒளியிழையின் உள்ளகம் ஒளியால் நிலையான மாற்றம் அடைவதை 1978 இல் கண்டறிந்தார். 1993 இல் அவரது குழு கிரிப்டான் புளோரைடு சீரொளியை வரிவரியான கண்ணாடி மறைப்பு வழியே செலுத்தி, இழைக்குள் நுண்ணிய வரிகளைப் பதிக்கும் எளிய முறையை வெளியிட்டது. பிராகு கீற்றணி எனப்படும் இவ்வரிகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பி, ஏனையவற்றை விடுகின்றன. ஒரே இழையில் பல அலைநீளங்களில் செல்லும் செய்திகளைப் பிரித்தெடுக்க இவை உதவுகின்றன.

இழைக்கும் எக்சைமர் ஒளிக்கும் உள்ள உறவில் ஒரு முரணும் உண்டு. 193 நானோமீட்டர் ஒளி சாதாரண ஒளியிழையின் வழியே செல்லாது. எனவே இதய நாள அடைப்பை அகற்ற இழை வழியே ஒளியைச் செலுத்தும் கருவிகளில் 308 நானோமீட்டர் தரும் செனான் குளோரைடே பயன்படுகிறது.

பிற்காலம்

லேசிக்கில் மூடி சீவுவதற்கு முதலில் இயந்திரக் கத்தியே பயன்பட்டது. 2000களில் பெம்டோநொடிச் சீரொளி அவ்வேலையை ஏற்றது. சுமைல் எனப்படும் முறையில் எக்சைமர் சீரொளியே தேவையில்லை. படலத்தின் உள்ளே பெம்டோநொடிச் சீரொளியால் வில்லை போன்ற ஒரு துண்டை வெட்டி, சிறு துளை வழியே வெளியே எடுக்கின்றனர். ஆயினும் மேற்பரப்பை நுண்ணளவில் செதுக்குவதிலும், விழிவெண்படலத் தழும்புகளை நீக்குவதிலும் எக்சைமர் சீரொளி தொடர்ந்து பயன்படுகிறது.

சீனிவாசன், பிளம், வைன் ஆகியோர் 2002 இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் சேர்க்கப்பட்டனர். 2013 இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் ரசு பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டுக்கான தேசியத் தொழில்நுட்ப, புத்தாக்கப் பதக்கத்தைக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா பெப்ரவரி 1, 2013 அன்று வெள்ளை மாளிகையில் வழங்கினார். சாமுவேல் பிளம் அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2013 சனவரியில், காலமாகியிருந்தார்.